பதினைந்தும் ஐம்பதும்: திருப்பூரிலேயே இருந்து ஆங்கிலம் பேசக் கற்ற ஒருவரின் பதினெட்டு மாதங்கள்

பின்னணி

இதில் வருபவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். தன் பெயரும் கம்பெனியின் பெயரும் வேண்டாம் என்றார். மற்றதை எழுதலாம் என்று ஒப்புக்கொண்டார். நான் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன். அவர் என்னிடம் படித்தவர் அல்ல. படித்திருந்தாலும், ஆங்கிலம் எழுத வந்தும் பேச வராத இதே நிலையில்தான் வந்து நின்றிருப்பார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2022இல் அவருக்கு வயது 29. காங்கயம் பக்கத்தில் ஒரு கிராமம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி, பிறகு அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம். செக்கிங் பிரிவில் கணக்கு எழுத வந்தவர், சில ஆண்டுகளில் மெர்ச்சண்டைசர் ஆனார். பையருக்கும், அதாவது ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு நிறுவனத்தாருக்கும், கம்பெனிக்கும் நடுவில் நிற்கிற வேலை அது. லேப் டிப் (சாயம் ஏற்றிய சிறு மாதிரித் துணி) அனுப்பி நிறத்துக்கு ஒப்புதல் வாங்க வேண்டும், சாம்பிள் தைக்க வைக்க வேண்டும், டையிங்கில் (சாயப் பட்டறையில்) துணி தங்கிவிட்டால் துரத்த வேண்டும், கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்புகிற வரை வெளிநாட்டுக்காரருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

மெயிலை அவர் நன்றாகவே எழுதுவார். நான் பார்த்த இருபது முப்பது மெயில்களில் பெரிய பிழை எதுவும் இல்லை. சிக்கல் வாயில்தான் இருந்தது. கொரோனாவுக்கு முன்பு பையர்கள் நேரில் வருவார்கள். துணியைத் தொட்டுக் காட்டினால் பாதிப் பேச்சு முடிந்துவிடும். 2020க்குப் பிறகு அதெல்லாம் வீடியோ அழைப்பு ஆகிவிட்டது. 2022 தொடக்கத்தில் நூல் விலை தாறுமாறாக ஏறியபோது, பேசி முடித்த விலையைத் திரும்பப் பேச வேண்டியிருந்தது. அது மெயிலில் தீருகிற காரியம் அல்ல.

ஆங்கிலம் பேசும் நாட்டில் வாழாமல் ஆங்கிலம் பேச முடியுமா என்று கேட்பவர்கள், இந்தியாவை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று சற்று யோசிக்க வேண்டும். மொழியியலாளர் பிரஜ் கச்ரு 1985இல் உலக ஆங்கிலத்தை மூன்று வட்டங்களாகப் பிரித்தபோது இந்தியாவை உள்ளிருந்து இரண்டாவது வட்டத்தில் வைத்தார். தாய்மொழி அல்ல, ஆனால் நீதிமன்றத்திலும் கல்லூரியிலும் அலுவலகத்திலும் புழங்குகிற மொழி என்பது அதன் பொருள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆங்கிலத்தைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் நாடு முழுவதும் ஏறக்குறைய 2.6 லட்சம் பேர்தான். காங்கயம் சாலையில் பஸ் ஏறுகிறவருக்கு வட்டம் எதுவானால் என்ன? கடைப் பலகையில் ஆங்கிலம் இருக்கிறது, காதில் விழுவதில்லை.

மே 2022: கைமாறிய அழைப்பு

டென்மார்க் பையர் ஒருவருடன் வாராந்திர வீடியோ அழைப்பு. காலர் வைத்த டி ஷர்ட் ஆர்டர். மீடியம் அளவில் எத்தனை சாம்பிள் தயார் என்று கேட்டார்கள். இவர் பதினைந்து என்று ஆங்கிலத்தில் சொன்னார். அன்று மாலை பையர் அனுப்பிய குறிப்பில் ஐம்பது என்று இருந்தது. இவர் அதைக் கவனிக்கவில்லை. கூரியர் பெட்டி போய்ச் சேர்ந்தபோது உள்ளே இருந்தவை 15. மீதி 35 எங்கே என்று மெயில் வந்தது. முதலாளிக்கும் அதன் நகல் போயிற்று.

நஷ்டம் எதுவும் இல்லை. ஆனால் முதலாளி கூப்பிட்டுச் சொன்னார்: “இனிமேல் மெயிலை நீ பார் அம்மணி. பேசுவதைத் தம்பி பார்த்துக்கொள்ளட்டும்.” தம்பி என்றது, வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத, ஆங்கிலவழியில் படித்த இளைஞரை. அவருக்கு லேப் டிப்புக்கும் சைஸ் செட்டுக்கும் (எல்லா அளவுகளிலும் தைத்த மாதிரிகள்) வித்தியாசம் அப்போது சரியாகத் தெரியாது. இவர் பக்கத்தில் அமர்ந்து தாளில் எழுதிக் காட்டுவார், அவர் அதைப் படித்துப் பேசுவார்.

ஜூன் முதல் அக்டோபர் வரை: நான் தவறிய இடம்

என்னிடம் வரும் முன்பு ஸ்போக்கன் இங்கிலீஷ் மையம் ஒன்றில் மூன்று வாரம் போயிருந்தார். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது எப்படி என்று மனப்பாடம் செய்ய வைத்தார்களாம். மூன்று ஆண்டுகளாகத் தெரிந்த டென்மார்க்காரரிடம் போய் யாரும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதில்லை.

நான் செய்தது மட்டும் என்ன வாழ்ந்தது? ‘இங்கிலீஷ் வரவில்லை சார்’ என்று அவர் சொன்னதை அப்படியே நம்பினேன். ஞாயிறுதோறும் ஆங்கில வினையின் காலங்களை (டென்ஸ்) அட்டவணை போட்டு எடுத்து வைத்தேன். பன்னிரண்டு காலங்களுக்கும் பயிற்சித்தாள் கொடுத்தேன். எல்லாவற்றிலும் முக்கால்வாசிக்கு மேல் சரியாக எழுதினார். அதைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆங்கிலப் படங்களை வசன வரிகளோடு பார்க்கவும் சொன்னேன். பார்த்தார், கதை புரிந்தது, அவ்வளவுதான்.

ஜூனில் ஒரு நல்ல காரியம் மட்டும் செய்திருந்தேன். ‘உன் வேலை என்ன என்று இரண்டு நிமிடம் சொல்லம்மா’ என்று கேட்டுக் கைபேசியில் பதிவு செய்திருந்தேன். மூன்று வினாடிக்கு மேல் பேச்சு நின்ற இடங்களை எண்ணினால் 14. அக்டோபரில் அதே கேள்வி, அதே இரண்டு நிமிடம். எண்ணினால் 13. நான்கு மாதத்துக்கு ஒன்று குறைந்திருந்தது.

அக்டோபர் 2022: எங்கே நிற்கிறது என்று பார்த்தது

அன்றைக்குத்தான் அந்த மே மாத அழைப்பில் சரியாக என்ன சொன்னீர்கள் என்று முதல்முறையாகக் கேட்டேன். அவர் சொல்லிக் காட்டினார். எனக்கும் ஐம்பது என்றே கேட்டது.

‘ஃபிஃப்டீன்’ என்னும் சொல்லில் ஆங்கிலேயர் இரண்டாவது அசையை அழுத்தி நீட்டுவார்கள். ‘ஃபிஃப்டி’யில் முதல் அசையை அழுத்துவார்கள். கேட்பவர் கடைசி ‘ன்’ ஒலியை விட அந்த அழுத்தத்தையே அதிகம் பிடித்துக்கொள்கிறார். தமிழில் இப்படி அழுத்தத்தால் பொருள் மாறுவதில்லை. அசைகளை ஏறக்குறைய ஒரே சீராகத்தான் விடுகிறோம், அழுத்தினாலும் சொல்லின் தொடக்கத்தில் அழுத்துவோம். இவர் முதல் அசையை அழுத்தி, கடைசி ‘ன்’னை விழுங்கியிருந்தார். அவரிடமிருந்து பேச்சைப் பறித்தது இலக்கணம் அல்ல, ஒரே ஒரு அசை. அது தெரியாமல் நான்கு மாதம் பயிற்சித்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்த 13 நிறுத்தங்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டோம். சொல் தெரியாமல் நின்றது மூன்றே இடங்களில். மற்றவை பெரும்பாலும் நீளமான வாக்கியத்துக்கு முன்னால். ஒன்றில் நிறுத்தி, அந்த நேரம் மனத்தில் என்ன ஓடியது என்று கேட்டேன். தமிழில் சொன்னார்: “நீங்கள் நேற்று அனுப்பிய சாம்பிளில் உள்ள காலரின் ஷேடு சரியில்லை.” இதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமானால் ஏறக்குறைய கடைசியிலிருந்து தொடங்க வேண்டும்: ஷேடு, காலரின், சாம்பிளில் உள்ள, நேற்று அனுப்பிய. நம் மொழியில் அடைமொழி எல்லாம் முன்னே வரும், வினை கடைசியில் உட்காரும். அவர் முழு வாக்கியத்தையும் தமிழில் கட்டி முடித்து, அதைத் தலைகீழாகப் புரட்டி, பிறகே வாயைத் திறந்தார். மெயில் எழுதும்போது புரட்ட நேரம் உண்டு. அழைப்பில் கிடையாது. புரட்டுகிற நேரத்தில் மறுமுனையில் ‘ஹலோ, ஹலோ’ என்பார்கள். கட்டிய வாக்கியமும் சரிந்துவிடும்.

அந்த இடைவெளியை அவர் எதனால் நிரப்பினார் என்பதும் பதிவில் இருந்தது. ‘வந்து’. ஆங்கில வாக்கியத்தின் நடுவே, தெளிவாக, நான்கு முறை ‘வந்து’. கேட்டுவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

எடுத்த முடிவுகள்

கனடாவில் பிரெஞ்சுவழிப் பள்ளிகளில் படித்த ஆங்கிலக் குழந்தைகளைப் பற்றி மொழியியலாளர் மெரில் ஸ்வெய்ன் 1985இல் எழுதியது எனக்கு நினைவுக்கு வந்தது. ஆண்டுக்கணக்காகப் பிரெஞ்சு கேட்டு வளர்ந்தும், புரிந்துகொள்வதில் வந்த தேர்ச்சி பேச்சில் வரவில்லை. கேட்பது மட்டும் போதாது, சொல்ல நெருக்கப்படவும் வேண்டும் என்பது அவருடைய வாதம். என் பணிக்காலத்தில் இதைப் படித்து, தலையாட்டி, மூடி வைத்தவன் நான்.

பயிற்சித்தாள்களை அன்றோடு நிறுத்தினோம். இனிப் பேசுவது அவருடைய கம்பெனி வேலையை மட்டும் என்று முடிவு செய்தோம். பொதுத் தலைப்பு கொடுத்தால் சொல்லும் தேட வேண்டும், விஷயமும் தேட வேண்டும். காம்பாக்டிங்கில் (துணியை நெருக்கி அளவு நிலைக்கச் செய்யும் கட்டத்தில்) துணி ஏன் சுருங்கியது என்பதில் விஷயம் அவர் கையில் இருக்கிறது, சொல்லை மட்டும் தேடினால் போதும்.

பேசும் முறைக்கு, கீத் மாரிஸ் 1983இல் எழுதி, நியூசிலாந்து மொழி ஆய்வாளர் பால் நேஷன் பரப்பிய 4-3-2 பயிற்சியை எடுத்துக்கொண்டோம். ஒரே செய்தியை முதலில் நான்கு நிமிடம், பிறகு வேறொருவரிடம் மூன்று நிமிடம், மூன்றாமவரிடம் இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். திருப்பூரில் மாலை ஏழு மணிக்கு ஆங்கிலம் கேட்க மூன்று பேரை எங்கே பிடிப்பது? முதல் ஆள் நான், தொலைபேசியில். இரண்டாவது, அவரைப் போலவே பேசப் பயந்த செக்கிங் பிரிவுத் தோழி; இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள். மூன்றாவது, கைபேசியின் பதிவுப் பொத்தான். முதல் வாரம் நேரம் குறையக் குறைய வேகத்தைக் கூட்டி மூச்சு வாங்கினார். வேகம் வேண்டாம், அவசியமில்லாததை விடுங்கள் என்று திருத்த வேண்டியிருந்தது. மூன்றாம் சுற்றில் புது வாக்கியம் தேட நேரம் இருக்காது. முன்பு சொன்னதையே எடுத்துப் போடுவார், அது வழவழப்பாகிவிடும்.

என் பங்குக்கு ஒரு நிபந்தனை: பேசும்போது குறுக்கே திருத்தக் கூடாது. முடிந்ததும் இரண்டே இரண்டு பிழைகள் சொல்லலாம். முப்பது ஆண்டு வாத்தியாருக்கு இது அவர் பட்ட பாட்டை விடக் கடினம்.

வாக்கியம் புரட்டுகிற சிக்கலுக்கு, தமிழிலேயே வாக்கியத்தை உடைக்கச் சொன்னேன். ‘ஷேடு சரியில்லை. காலரில். நேற்று வந்த சாம்பிளில்.’ இப்படித் தமிழில் உடைத்துவிட்டால் ஆங்கிலத்தில் புரட்ட ஒன்றும் இல்லை, வரிசையாகப் போட்டுக்கொண்டே போகலாம். அழகான ஆங்கிலம் இல்லைதான். பேசும்போது வெள்ளைக்காரரும் இப்படித் துண்டு துண்டாகத்தான் பேசுகிறார்.

ஒலியில், பணம் பாதிக்கிறவற்றை மட்டும் எடுத்தோம். பதின்மூன்று முதல் பத்தொன்பது வரை எண்களை அழுத்தம் மாற்றிச் சொல்வது. சந்தேகம் வந்தால் ‘ஒன் ஃபைவ்’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்வது. அடுத்தது சொல்லின் கடைசி மெய். நன்னூல் சொல்லும் இருபத்து நான்கு ஈற்றெழுத்துகளில் வல்லின மெய் ஒன்றுகூட இல்லை. அதனால் நம் வாய் ‘ஷர்ட்டு’, ‘ரிப்பு’ என்று ஒரு உகரத்தை ஒட்டி விடுகிறது. அது உறுத்துமே தவிர, பொருள் மாறாது. ஆனால் ‘செக் செய்கிறோம்’ என்பதற்கும் ‘செக் செய்துவிட்டோம்’ என்பதற்கும் ஆங்கிலத்தில் வித்தியாசம் கடைசியில் ஒட்டும் ஒரு ‘ட்’ மட்டுமே. அது விழுந்தால் முடிந்த வேலை முடியாத வேலை ஆகிவிடும். ‘செக்ட்’, ‘பேக்ட்’, ‘ஷிப்ட்’ என்று தினம் இருபது சொல். மற்றபடி உச்சரிப்பைத் தொடவில்லை. டென்மார்க்காரரும் டேனிஷ் வாடையோடுதான் பேசுகிறார்.

‘வந்து’வுக்குப் பதிலாக ‘லெட் மீ சீ’, ‘கிவ் மீ எ செகண்ட்’ என்ற இரண்டை மட்டும் கொடுத்தேன். தம்பி பேசுகிற அழைப்புகளில் இவர் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்து, பையர் திரும்பத் திரும்பச் சொல்லும் தொடர்களை எழுதி வந்தார். பஸ்ஸில் கேட்க பிபிசியின் ஆறு நிமிட ஆங்கில நிகழ்ச்சி. அதோடு சேர்ந்து உடனுக்குடன் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்ததால் அது இரண்டே நாளில் நின்றது.

நான் திட்டமிடாத ஒன்றுதான் நன்றாக வேலை செய்தது. அவருக்கு ஐந்து வயதில் ஒரு மகள், ஆங்கிலவழிப் பள்ளி. அம்மாவின் உச்சரிப்பைத் திருத்துவாள். அதற்காகவே அவள் முன் ஆங்கிலம் பேசாமல் இருந்தவர் இவர். நவம்பரில் ஒரு நாள் தூங்க வைக்கும்போது முயலும் ஆமையும் கதையை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தார். குழந்தைக்கு அடுத்த நாளும் அதே கதை வேண்டும், மூன்றாம் நாளும் அதே. சலிக்காத கேட்பவர், திரும்பத் திரும்ப ஒரே செய்தி: மாரிஸின் பயிற்சி வீட்டுக்குள்ளேயே நடந்தது.

ஜனவரி 2023: ஒரு சறுக்கல்

தம்பி விடுப்பில் போன வாரம் அழைப்பு இவரிடம் வந்தது. இந்த முறை ஸ்பெயின் பையர். லேபிள் இன்னும் உங்களுக்கு வரவில்லையா என்று கேட்டார். இவர் “யெஸ்” என்றார்.

தமிழில் ‘வரவில்லையா?’ என்றால் ‘ஆமாம், வரவில்லை’ என்போம். கேள்வியை ஒப்புக்கொள்வது நம் வழக்கம். ஆங்கிலத்தில் வரவில்லை என்றால் ‘நோ’தான், ‘யெஸ்’ என்றால் வந்துவிட்டது. பையர் லேபிள் வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டார். நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் பேக்கிங் நின்றுபோய், அந்த ஞாயிறு ஓவர்டைம் வைக்க வேண்டியதாயிற்று.

அவர் ஒரு வாரம் என் தொலைபேசியை எடுக்கவில்லை. இந்தக் கண்ணி என் பாடத்திட்டத்தில் இருந்திருக்க வேண்டும், இல்லை. பிறகு ஒரு விதி வைத்தோம்: யெஸ், நோ என்று மட்டும் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லக் கூடாது. ‘லேபிள்ஸ் ஹேவ் நாட் கம்’ என்று செய்தியை முழுதாகச் சொல்ல வேண்டும். அழைப்பு முடியும்போது எண்களையும் தேதிகளையும் ஒரு முறை வாயால் திருப்பிச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். கடைசி விதி மே மாதமே இருந்திருந்தால், 15 ஐம்பது ஆகியிருக்காது.

விளைவு

மார்ச்சில் டென்மார்க் அழைப்பின் பாதி அவரிடம் திரும்பியது. ஆகஸ்டில் முழுதும். முதலாளியிடம் யாரும் பரிந்து பேசவில்லை. துணியைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்குத் தம்பி இவரைத் திரும்பிப் பார்க்க, பையரே இவரிடம் நேரடியாகக் கேட்கத் தொடங்கிவிட்டார்.

டிசம்பர் 2023இல் மறுபடி அதே இரண்டு நிமிடப் பதிவு. மூன்று வினாடிக்கு மேல் நின்றது நான்கு இடம். ‘வந்து’ ஒரு முறை. காலப் பிழைகள் ஜூன் 2022 பதிவை விட இதில் அதிகம் என்பதையும் எழுத வேண்டும். அதிகம் பேசுகிறார், அதிகம் தவறுகிறார். யாரும் புரியவில்லை என்று சொல்லவில்லை.

ஆனால் அந்த மாதமே இன்னொன்றும் நடந்தது. டென்மார்க்காரர்கள் நேரில் வந்தார்கள். பகல் முழுதும் தொழிற்கூடத்தில் இவர்தான் பேசினார். இரவு உணவில், வேலைப் பேச்சு முடிந்து, குழந்தை, ஊர், விடுமுறை என்று பேச்சு போனபோது வாயடைத்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் பழகியது காலரையும் ஷேடையும் மட்டும்தானே.

இப்போது என்றால் என்ன மாற்றுவேன்

முதல் நாளே, எந்த அழைப்பில், எந்தச் சொல்லில் பேச்சு முறிந்தது என்று கேட்பேன். நான்கு மாதம் மிச்சமாகும். எதிர்மறைக் கேள்விக்கான பதிலை முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுப்பேன். தமிழ் பேசுகிற எல்லோரும் அங்கே விழுவோம். ஒரு நாட்டு ஆங்கிலத்தை மட்டும் கேட்க வைக்க மாட்டேன். அவருடைய பையர்களில் ஒருவர்கூட ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் இல்லை. வேலைப் பேச்சில் தொடங்கியது சரி என்றே இன்னும் நினைக்கிறேன், ஆறாவது மாதத்தில் வீட்டுப் பேச்சுக்கு மாறியிருக்க வேண்டும்.

இப்போது அதைத்தான் செய்கிறோம். போன வாரத் தலைப்பு அவிநாசித் தேர். தேர் என்றால் என்ன, அதை ஏன் இழுக்கிறார்கள், வடம் பிடிக்கப் போன தாத்தாவின் செருப்பு எப்படித் தொலைந்தது என்று நான்கு நிமிடம் பேசினார். எண்ணினேன், 11 நிறுத்தம். அடுத்த ஞாயிறு மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டும். தாத்தாவின் செருப்பை விட மாட்டேன் என்கிறார்.